கோலுக்குப் பின்னாடி நின்னவன்

பெரியதாழையில பெட்டிக்கடை வச்சிருக்கவன் நான். எனக்குக் கடலும் தெரியாது, பந்து உதைக்கவும் தெரியாது. ஆனா எங்க ஊரு ஃபுட்பால் டீம் ஆடுதுன்னா, கடையச் சாத்திட்டுப் போய் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நின்னுருவேன். ஞாயித்துக்கிழம யாரும் கடலுக்குப் போகமாட்டாங்க, அன்னைக்குத்தான் மேட்ச்சு. முடிஞ்சதும் பயலுவ மொத்தமும் என் கடை வாசல்லதான் நிப்பானுவ. ஆளுக்கொரு சர்பத்து, ஆளுக்கொரு ஏச்சு. "ஏசுனாத்தான் அண்ணாச்சிக்கு சர்பத்து ஊத்தக் கை வரும்"னு கேலி பண்ணுவானுவ. ஆனா வெளியூர்க்காரன் எவனாவது எங்க டீமப் பத்தி ஒரு வார்த்தை சொல்லட்டும், சண்டைக்குப் போயிருவேன்.

அதிகமா வாங்கிக் கட்டிக்கிட்டது கீப்பர்தான். எதிராளி பந்தோட வந்தா, கோலை விட்டுட்டு முன்னாடி பாய்ஞ்சிருவான். முக்காவாசி நேரம் பிடிச்சும் போடுவான். அதை ஒரு நாளும் நான் வாயத் தொறந்து சொன்னதில்ல. "ஏலே, வீட்டைத் தொறந்து போட்டுட்டு எங்கலே போற? உள்ளயே நில்லுலே!" வாராவாரம் இதே பாட்டுதான். அவன் சிரிச்சிக்கிட்டே தலையாட்டுவான்.

மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்த ஃபைனல்ல, ரெண்டு பக்கமும் கோல் இல்ல, முடியப் போவுது. எதிர் டீம்காரன் ஒருத்தன் தனியா பந்தோட வாரான். எங்க கீப்பர் முன்னாடி பாய்ஞ்சான். சட்டுன்னு நின்னான். திரும்பி என்னயப் பாத்தான். அப்படியே பின்வாங்கி, கோட்டு மேலயே நின்னுட்டான். பந்து அவன் கைய உரசிக்கிட்டு வலையில விழுந்துச்சு.

"வெளிய வந்தா என்னலே, செத்த மூதி!"

மொதல்ல கத்துனது நான்தான். கத்தி முடிச்ச பெறவுதான், உள்ள நிக்கச் சொன்னவனே நான்தான்னு ஒறச்சுச்சு.

கடை வாசல்ல கேப்டன் அவனப் பிடிச்சுக்கிட்டான். "எப்பவும் வெளிய வாரவனுக்கு இன்னைக்கு என்னலே வந்துச்சு? அவனுவகிட்ட காசு வாங்கிட்டியோ? இனிமே ஒனக்கு டீம்ல எடம் கெடையாது."

"தப்பு எம்மேலதான்" அப்படின்னான் கீப்பர். என் பக்கம் அவன் திரும்பக்கூட இல்ல. நான் சொல்லித்தான் நின்னான்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. அவன் சர்பத்துல மட்டும் ஐஸு கூடப் போட்டுக் குடுத்தேன். சீ, நானெல்லாம் ஒரு மனுசன்! தவளை தன் வாயால கெடும்பாங்க. என் வாயால கெட்டது அவன்.

போன ஞாயித்துக்கிழம புதுக் கீப்பர் எறங்குனான். பழையவன் என் பக்கத்துல வந்து நின்னு பாத்துக்கிட்டிருந்தான். ஆட்டம் தொடங்குமுன்ன புதுப்பய திரும்பிக் கேட்டான்: "அண்ணாச்சி, பந்து வந்தா முன்னாடி வரட்டா, உள்ளயே நிக்கட்டா?"

நான் குனிஞ்சு செருப்புல ஒட்டுன மண்ணத் தட்டுனேன். பக்கத்துல நின்னவன்தான் சொன்னான்: "அண்ணாச்சி என்ன சொல்லுதாவளோ அதக் கேளுலே. அவியளுக்கு நம்ம டீமுன்னா உசுரு."

குத்திக்காட்டுதானோன்னு அவன் மொகத்தப் பாத்தேன். இல்ல. நெசமாவே அப்படித்தான் நம்புதான், பாவிப்பய.