இலிஷ் முள்ளும் என் கேள்வித்தாளும்

தொண்ணூறுகளின் கடைசியில் கல்கத்தாவில் உளவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தாய்மார்களிடம் கேட்கும் நீளமான கேள்வித்தாள் ஒன்றைச் சுருக்குவது என் வேலை. பாதியைத் தாண்டுவதற்குள் அவர்களுக்கு அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்துவிடும். மிச்சத்துக்கெல்லாம் ‘எப்போதும்’ என்று டிக் அடித்துத் தந்துவிடுவார்கள். இதை என்னால் சரிசெய்ய முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

சுருக்கினேன். சில வாரம் விட்டு அதே தாய்மார்களிடம் மறுபடி கேட்டபோதும் அநேகமாக அதே விடைகள் வந்தன. நம்பகத்தன்மை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். குதித்துக்கொண்டு என் வழிகாட்டியிடம் போனேன். வங்காளிப் பேராசிரியர், லேசில் மசியாதவர்.

“மாறாம வருது, சரி. நீ அளக்க நினைச்சதைத்தான் அளக்குதா? பிள்ளைங்ககிட்டயும் கேளு. ஒத்துப்போகலைன்னா இந்த வருஷம் தீசிஸ் கிடையாது” என்றார்.

ஒத்துப்போகவில்லை. பிள்ளைகளை ஓவராக அடக்கி வைப்பவர்கள் என்று என் தாள் காட்டிய அம்மாக்களைத்தான் பிள்ளைகள் வாயாரப் புகழ்ந்திருந்தார்கள். எனக்கு எரிச்சலான எரிச்சல். ஆனால் விடுவதாக இல்லை. காளிகாட்டில் அப்படிப்பட்ட ஓர் அம்மாவின் வீட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். பத்தாம் வகுப்புப் பெண் பாடம் படித்தபடி வாயைத் திறக்க, அம்மா இலிஷ் மீனின் பொடி முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, சோற்றோடு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

“இவ்ளோ பெரிய பொண்ணுக்கு ஊட்டணுமா, பௌதி?” என்றேன். அண்ணி என்பதற்கு வங்காளத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

“முள்ளு தொண்டையில சிக்கினா நீ வந்து எடுப்பியா?”

‘வளர்ந்த பிள்ளைக்கும் நானே ஊட்டிவிடுகிறேன்’ என்பது போன்ற சாப்பாட்டுக் கேள்விகளெல்லாம் என் தாளில் அடக்குமுறைக் கணக்கில் இருந்தன. தயிர் சாதம் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு முள்ளைப் பற்றி என்ன தெரியும்? அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டு, டாலிகஞ்ச் பகுதியில் புதிய குடும்பங்களிடம் முதலிலிருந்து கேட்டேன். இந்த முறை அம்மாக்களும் பிள்ளைகளும் ஒத்துப்போனார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“சாப்பாட்டுக் கேள்விகளை ஏன் எடுத்தே?” என்று அதட்டினார் வழிகாட்டி. காளிகாட்டில் பார்த்ததைச் சொன்னேன். மடக்கிக் கேட்பார் என்று பதிலோடு தயாராக நின்றேன். அவர் பேனாவைத் திறந்தார்.

“எனக்கும் கல்யாணம் ஆகற வரைக்கும் அம்மாதான் முள்ளெடுத்துக் குடுத்தாங்க. அவங்க போனப்புறம் நான் இலிஷ் சாப்பிடறதே இல்ல” என்று சொல்லிவிட்டு என் தீசிஸில் கையெழுத்துப் போட்டார்.