அண்ணன் கட்டிய ஆற்றங்கரை வீடுகள்

அண்ணன் நம்மைவிட்டுச் சென்று ஓராண்டு நிறைகிற இந்நாளில், அவரை நினைத்து வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அவருடைய வாழ்வை எழுதித் தருமாறு அண்ணியார் கேட்டுக்கொண்டார்கள். தங்கை என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சேலம் அம்மாபேட்டையில், நெசவாளர் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அண்ணன். அப்பா காலமானபோது அவர் பாலிடெக்னிக் மாணவர். தறியில் உட்கார்ந்துகொண்டே படித்து முடித்தார், என்னையும் படிக்கவைத்தார். பிறகு கட்டட வேலைக்காக அசாம் சென்றவர், கலவரத்தில் ஊரை இழந்து முகாமில் கிடந்த மக்களோடு சேர்ந்து மூங்கில் வீடு கட்டக் கற்றார். அங்கே பெண்கள் முதலில் கேட்டது தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவைத்தான் என்பார்.

அவர் ஊர் திரும்பிய சில ஆண்டுகளில் மேட்டூர் அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. குமாரபாளையம் ஆற்றங்கரையில் விசைத்தறித் தொழிலாளர்களின் குடிசைகளைக் காவிரி அடித்துச் சென்றது. மேட்டில் இடமும் கான்கிரீட் வீடும் தருவோம், அதுவரை கரையிலேயே தற்காலிகமாகத் தங்குங்கள் என்றார்கள் அதிகாரிகள். அந்தத் தற்காலிக வீடுகளில் ஒரு பகுதியை மூங்கிலால் கட்ட அண்ணன் முன்வந்தார். குடியிருக்கப் போகிறவர்களே கூட நின்று வேலை செய்தார்கள்.

நான் பார்க்கச் சென்ற அன்று, அவர்களில் ஒருவரான பழனியம்மாள் அண்ணனைத் தடுத்தார்.

“ஏனுங்க சாமி, இத்தன கெட்டியாக் கட்டோணுமாங்க?”

“பின்ன, ஒழுகற வீடா வேணும் உங்களுக்கு?”

“ஒழுகட்டுங்க. ஒழுகுனாத்தான் ஆபீசரு எட்டிப் பாப்பாரு. நல்லா இருந்துச்சுன்னா, இதே போதும்னு உட்டுப்போட்டுப் போயிருவாங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அரைகுறையாகக் கட்ட அவருக்குக் கை வராது. உளுத்துப் போகாதபடி மூங்கிலை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்தார். மூங்கில்களைப் பிணைத்த ஒவ்வொரு முடிச்சையும் தாமே இழுத்துப் பார்த்தார்.

பழனியம்மாள் சொன்னபடியே நடந்தது. அடுத்த மழையில், மற்றவர்களுக்கு அரசு போட்டுத் தந்திருந்த பக்கத்துத் தகரக் கொட்டகைகள் சரிந்தன. அங்கிருந்தவர்களுக்கு மேட்டில் வீடு கிடைத்தது. மூங்கில் வீடுகளைப் பார்வையிட்ட அதிகாரி, “நல்லாத்தானே இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார். தாம் கட்டிய வீடுகள் குடியிருக்கத் தகுதியற்றவை என்று வாதாட, அண்ணன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். “கட்டினது நீங்கதானே சார்?” என்று கேட்டார்கள். தண்ணீர் திறக்கும்போதெல்லாம் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. மக்கள் பாயும் அடுப்புமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். வடிந்தபின் சேற்றைக் கழுவிவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அண்ணன் நுரையீரல் நோயால் அஸ்தம்பட்டி மருத்துவமனையில் கிடந்தபோது, பழனியம்மாள் தறிக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்.

“எடம் குடுத்தாங்களா?” என்று கேட்டார் அண்ணன்.

“இன்னும் இல்லீங்க சாமி.”

“வீடு?”

“அதுக்கென்னங்க, கல்லாட்டம் நிக்குது.”

அவரை மகிழ்விக்கவே அந்த அம்மையார் அப்படிச் சொன்னார். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின் எவரிடமும் அந்த வீடுகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. மோசமாகக் கட்டியிருக்கலாமா என்று நான் ஓராண்டாக யோசிக்கிறேன்.

இரவும் பகலும் அருகிருந்து பார்த்துக்கொண்ட அண்ணியாருக்கும், செவிலியர்களுக்கும், இறுதிப் பயணத்தில் தோள்கொடுத்த அம்மாபேட்டை உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து வந்து அழுதவர்களுக்கு நன்றி என்று எழுதக் கை தயங்குகிறது. இந்த ஆண்டும் தண்ணீர் திறந்துவிட்டார்கள். அண்ணன் கட்டிய வீடுகளில் ஒன்றுகூட விழவில்லை.