எருமை வயிற்றுச் சாறு

எழுபதுகளின் தொடக்கத்தில், கால்நடை மருத்துவராகி நான் முதலில் பார்த்த மாடு ராயப்பேட்டைப் பால்காரர் ஒருவருடையது. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை ஓர் அண்டா தின்றுவிட்டு, மூன்று நாளாக அசைபோடாமல் படுத்திருந்தது. கொட்டகையில் மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை.

சோடா உப்பைக் கரைத்து ஊற்றியதில் புளிப்பு அடங்கியது. ஆனாலும் மாடு வைக்கோலைத் தொடவில்லை. வைக்கோலை உண்மையில் செரிக்கவைப்பது வயிற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள்தான். அவை புளிப்பில் செத்துப்போயிருந்தன. வேறொரு மாட்டிடமிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

மறுநாள் காலை இறைச்சிக்கூடத்தில், அப்போதுதான் வெட்டிய எருமையின் வயிற்றில் முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே பச்சைக் கூழ் கொதகொதவென்று சூடாக இருந்தது. அதை அள்ளித் துணியில் பிழிந்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பிழிந்த சாற்றை, சூடு ஆறுவதற்குள் பிளாஸ்கில் எடுத்துப்போனேன்.

பால்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னாம்மா இது? வாந்தி கணக்கா கீது. இதையா மாட்டுக்கு ஊத்தப் போறே?"

"இதுலதாங்க உசிரே இருக்கு. வாயைப் பிடிங்க."

மூங்கில் குழாயால் ஊற்றினேன். கடைசி வாயில் மாடு செருமியது. தெறித்த சாறு என் உதட்டில் பட்டு, நாக்குவரை போய்விட்டது. கொட்டகை வாசலுக்கு ஓடி, தெருவே பார்க்க வாந்தியெடுத்தேன்.

இரண்டு நாளில் மாடு எழுந்து அசைபோட்டது. பால்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அம்மா செய்யும் கீரை மசியலை ஒரு மாதம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.