மைக்குக்கு மட்டும் கேட்டது

என் தங்கை பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, தானே இணையத்தில் ஏற்றுகிறவள். அப்படியும் ஒரு பிழைப்பு உண்டு என்பது எங்கள் சொந்தக்காரர்களுக்குப் புரிந்ததே இல்லை. "சினிமாவுல பாடுறாளா?" என்பார்கள். இல்லை என்றால், "அப்போ என்னதான் பண்றா?" நானும் அப்படிக் கேட்டவன்தான். பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்து வாங்கிய சம்பளத்தையெல்லாம் அவள் மைக்காகவும் வயராகவும் மாற்றிக்கொண்டிருந்தாள். முதல் பாட்டு நூற்றுப் பன்னிரண்டு முறை ஓடியது. "அதுல முப்பது தடவை நானே கேட்டது" என்று சிரிப்பாள்.

ஏழாவது பாட்டு பிடித்துக்கொண்டது. பழுதான லிஃப்டைத் திட்டிக்கொண்டே ஐந்து மாடிக்குத் தண்ணீர் கேன் சுமக்கிறவனின் பாட்டு. சின்னச் சின்ன மேடைகளில் கூப்பிட ஆரம்பித்தார்கள். உடனே வேலையை விட்டுவிட்டாள். நான் போனில் கத்தினேன்.

"பாட்டு சோறு போடுமாடி?"

"போடும்ணா. கொஞ்சம் குழைஞ்சிருக்கும், அவ்வளவுதான்."

அப்பா அவளோடுதான் இருந்தார். பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. தடி ஊன்றி நடப்பார். நான் வேறு ஊரில், வேலை, குடும்பம் என்று ஆடிக்கொருதரம் அமாவாசைக்கொருதரம் எட்டிப்பார்க்கிற மகன். அறிவுரைக்கு மட்டும் குறை வைத்ததில்லை.

அவள் பாடும் இடம் துணி அலமாரி. கதவுகளை விரியத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே மைக்கை வைத்துக்கொண்டு பாடுவாள். துணி எதிரொலியைத் தின்றுவிடுமாம். மாடிவீட்டுத் தையல்காரர் சாப்பிட்டுவிட்டு இரண்டிலிருந்து மூன்றரை வரை கண்ணயர்வார். அவருடைய மிஷின் நிற்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவளுக்கு ஸ்டூடியோ. இசை காதில் இறுக்கிய ஹெட்ஃபோனில் மட்டும் ஓடும். அதனால் அவள் பாடும்போது மைக்குக்கு வீடு முழுக்கக் கேட்கும், அவளுக்கு ஒன்றும் கேட்காது. பதிவில் அப்பாவின் இருமல் விழுந்தால் கம்ப்யூட்டரில் தேடித் தேடி வெட்டுவாள். அப்பா வாயில் துண்டை வைத்துக்கொண்டு இருமப் பழகிக்கொண்டார். "என் இருமலைப் பாட்டுல சேத்தா காசு கேப்பேன்" என்பாராம்.

பத்து வருடம் கழித்து ஒரு பெரிய அரங்கிலிருந்து அழைப்பு வந்தது. இதுவரை வெளிவராத பாட்டு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், தேர்வானால் மேடை. இதை விட்டால் தனக்கு வேறு வாசல் இல்லை என்று அவள் நம்பினாள். வியாழக்கிழமை மதியம் பதிவு செய்ய உட்கார்ந்தாள்.

அந்த வியாழக்கிழமை வருவதாக நான் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். ஆபீஸில் வேலை வந்துவிட்டது, போகவில்லை. வரவில்லை என்று ஒரு போனும் போடவில்லை. வராவிட்டால் தெரிந்துகொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

நான்காவது முறை பாடி முடித்து ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தபோது, வாசல் கதவருகே அப்பா விழுந்து கிடந்தார். செருப்பு அலமாரியின் முனையில் தலை அடிபட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மறுநாள் காலை போய்ச் சேர்ந்தேன். அவள் நடந்ததைச் சொன்னாள். துக்கத்துக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னிலையில் நாக்கில் நரம்பில்லாமல் பேசினேன்: "அப்பா சாகக் கிடக்கிறப்போ இவ காதை அடைச்சுக்கிட்டுப் பாடிட்டு இருந்திருக்கா!" அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எங்கள் சித்தப்பாதான் தெருத்தெருவாகச் சொன்னார். அவர் மகள் அதை இணையத்தில் லிஃப்ட் பாட்டுக்குக் கீழேயே எழுதிவிட்டாள். அடுத்து வந்தவர்கள் 'அப்பனைக் கொன்ற பாட்டுக்காரி' என்று எழுதினார்கள். மேடைக்குக் கூப்பிட்டவர்கள் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பாட்டை அவள் அனுப்பவே இல்லை. பாடுவதையே விட்டுவிட்டு, பல் டாக்டரிடமே திரும்பிப் போனாள். குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். உள்ளுக்குள் எனக்கு அது திருப்தியாகக்கூட இருந்தது. இப்போது சொல்லவே கூசுகிறது.

ஒரு வருடம் கழித்து அந்த வீட்டைக் காலி செய்தாள். சாமான் கட்ட நான் போனேன். பெட்டி ஒட்டும் டேப் வாங்க அவள் கீழே இறங்கினாள். கம்ப்யூட்டரைக் கழற்ற வேண்டியவன், அதில் அந்த வியாழக்கிழமைத் தேதியிட்ட பதிவைப் பார்த்தேன். அப்பா கூப்பிட்டிருப்பார், மைக்கில் விழுந்திருக்கும். என் பேச்சுக்கு ஒரு சாட்சி கிடைக்கும் என்றுதான் ஓட விட்டேன்.

அவள் குரல் மட்டும் வந்தது. இவ்வளவு நன்றாகப் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு அடி முடிந்து அவள் நிறுத்திய இடத்தில், தூரத்தில் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது, எதிர்வீட்டுக் கதவாக இருக்க வேண்டும். பிறகு அப்பா, அடங்கிய குரலில்:

"பெரியவனா? வந்துட்டியா? தட்டாதப்பா, சின்னவ பாடிட்டிருக்கா. இரு, நானே வந்து திறக்கிறேன்."

தடி ஊன்றும் சத்தம் நான்கு முறை கேட்டது. அவள் அடுத்த அடியை எடுத்தாள். அந்தக் குரலுக்கு அடியில் ஏதோ விழுந்தது. அப்பா அவளைக் கூப்பிடவே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கையில் டேப்போடு நின்றிருந்தாள்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"நீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன்."

"அப்புறம் ஏன்டி நான் அவ்வளவு பேசினப்போ வாயை மூடிட்டு இருந்த?"

"ஒரு குடும்பத்துல ஒருத்தர் தூக்கம் கெட்டாப் போதாதாண்ணா?"

நான் அழுதேன். எல்லாரிடமும் சொல்கிறேன், நீ மறுபடி பாடு என்றேன். "ஹெட்ஃபோன் வச்சா தடி சத்தம்தான் கேக்குது. பாட்டு கேக்கல" என்றவள், பற்களால் டேப்பைக் கடித்து அறுத்து, பெட்டியை ஒட்டினாள்.

ஊருக்குத் திரும்பியதும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவருடைய சர்க்கரை அளவை விசாரித்தேன், மகளுக்கு வந்த வரனைப் பற்றிக் கேட்டேன், அரை மணி நேரம் பேசினேன். "வேற ஏதாச்சும் சேதி உண்டாப்பா?" என்றார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.