சிவப்பு மசிக்குள் இருந்தவர்கள்

ராயபுரத்தில் அமீருதீனிடம் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். மாப்பிள்ளைக்குக் கண் பாதி மூடியிருக்கும், பெண்ணுக்கு முக்காடு கோணிக்கொண்டிருக்கும். பின்னால் இருக்கிற தூண் மட்டும் நூல் பிடித்த மாதிரி நிமிர்ந்து நிற்கும். மனுஷருக்குக் கட்டடத்தின் மேல் அப்படி ஒரு பைத்தியம். "நீங்க ஏதாச்சும் கிடங்கைப் பார்த்து நிக்காஹ் பண்ணிக்கினு இருந்திருக்கலாம்" என்று அவர் மனைவி ரஹீமுன்னிசா சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார், மறுக்கமாட்டார்.

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டுடியோ. கடை திறக்குமுன் காலைச் சாய்வெயிலில் மரக் கேமராவையும் மூன்று கால் ஸ்டாண்டையும் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். துறைமுகச் சாலைக் கிடங்குகள், ரயில் நிலையத்துத் தூண்கள், கறுத்துப்போன மில் சுவர்கள், எல்லாவற்றையும் கண்ணாடித் தகட்டில் பிடித்து வைத்திருந்தார். பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. இந்தப் பக்கத்து ஊரைக் கட்டினவன் முதலில் சரக்குக்கு இடம் விட்டிருக்கிறான், மிச்சத்தில்தான் மனுஷனைப் புகுத்தியிருக்கிறான். கிடங்கு வாசலில் மாட்டுவண்டி நிமிர்ந்து போகும். பக்கத்து வீட்டு வாசலில் ஆள் குனிந்துதான் போகவேண்டும். இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொன்னவருக்கே அதன் அர்த்தம் அப்போது முழுசாகத் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

ஏனென்றால் அவர் படத்தில் மனுஷனே இருக்கக்கூடாது. "ஆளு நின்னா கண்ணு ஆளு மேலதான் போவும். செவுத்த எவன் பாப்பான்?" என்பார். தெருவில் ஸ்டாண்டை நட்டதும் எல்லாரையும் விரட்டுவார், கொடித்துணியை எடுக்கச் சொல்வார், வாசல் குடத்தை உள்ளே வைக்கச் சொல்வார். அப்படியும் யாராவது படத்தில் விழுந்துவிட்டால் டச்சிங் இருக்கவே இருக்கிறது. மெல்லிய தூரிகையால் சிவப்பு மசியைத் தொட்டு, தகட்டில் அந்த ஆள் இருக்கிற இடத்தின் மேல் பூசிவிட்டால் போதும். பிரிண்ட் போடும்போது அந்த இடம் வெளுத்துப்போகும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றவன் சுவரோடு சுவராகிவிடுவான். இந்த வேலையில் அவர் கையை மிஞ்ச மதராஸில் ஆள் கிடையாது.

அந்தக் கைக்காகத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் சர்க்கார் ஆபீஸ் ஒன்று அவரைக் கூப்பிட்டது. புது ரோடு போடுகிற இடங்களில் இடிக்கப்போகிற கட்டடங்களைப் படம் எடுத்துத் தரவேண்டும். ஆபீசர் வரதன் படங்களைப் பார்த்துவிட்டு, "பிரமாதம்! ஒரு தூசி இல்லையே" என்றார். அமீருதீனுக்குத் தலைகால் புரியவில்லை. நாலு வருஷம் தெருத்தெருவாக எடுத்துக் கொடுத்தார்.

ஐம்பத்து மூன்றில் துறைமுகத்துக்கு லாரி ரோடு போட ஒரு லைனை இடிப்பதாக ஏற்பாடாயிற்று. பழைய உப்புக் கிடங்கு ஒன்றைத் தடுத்துத் தடுத்துப் பதினொரு வாசலாக்கி, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். சுண்ணாம்பு அடித்த நீளச் சுவர், வரிசையாக வளைவுகள். பார்த்ததுமே அவர் சொக்கிப்போனார்.

ஜனங்கள் பயபக்தியோடு ஒதுங்கினார்கள். கதவுகளைச் சாத்தினார்கள். ஐந்தாம் வாசலில் சொக்கம்மாள் மட்டும் அசையவில்லை. மூட்டை தூக்கும்போது புருஷனைப் பறிகொடுத்தவள். துறைமுகத்தில் சிந்துகிற கோதுமையைக் கூட்டி வந்து புடைத்து விற்றுப் பிழைக்கிறவள். நீலப் புடவையும் மடியில் முறமுமாகக் குந்தியிருந்தாள்.

"யம்மா, கொஞ்சம் உள்ள போ. ரெண்டு நிமிசம்."

"எதுக்கு?"

"படம் புடிக்கணும்."

"புடி. என் வூட்டு வாசல்ல நான் குந்திகினு கீறேன். உன் பொட்டிக்கு இன்னா வந்துச்சு?"

"செவுத்துக்கு முன்னால நீ இருந்தா படம் கலீஜாப் பூடும்மா."

"ஆமா பாய், நாங்க இருந்தா கலீஜுதான்" என்று சொல்லிவிட்டு, புடைப்பதையும் நிறுத்திவிட்டுக் கேமராவை முறைத்தாள். போகட்டும், மசி இருக்கிறது என்று அவர் எடுத்துவிட்டார்.

அன்று மத்தியானமே சொக்கம்மாளின் மேல் சிவப்பு மசி பூசினார். கூரைக்கு மேலே ஒரு கொடியில் எடுக்க மறந்த நாலு லுங்கிகள், அவற்றின் மேலும் பூசினார். படம் அப்படி வந்திருந்தது! ரஹீமுன்னிசாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் கீது. சாவு வுழுந்த தெரு மாதிரி கீது" என்றாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

மூன்று மாதம் கழித்து மூன்றாம் வாசல் லட்சுமணன் ஸ்டுடியோவுக்கு வந்தான். ஆறடி உயரம், மூட்டை தூக்கித் தூக்கி இறுகிய கழுத்து. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"பாய், இடிக்கிற வூட்ல ஆளு இருந்தா வியாசர்பாடில மாத்து வூடு தரணும்னு சட்டம் கீதாம். எங்களுக்குக் கிடையாதுன்ட்டாங்க. அது வெறும் கெடங்கு, உள்ள யாருமே குடியில்லன்னு எழுதி வெச்சிகீறாங்க."

"அதெப்படி? பதினோரு குடும்பம் கீதே!"

"ஓனரு வாடகைக்குச் சீட்டு குடுத்ததில்ல. ரேசன் கார்டுல மேஸ்திரி வூட்டு வெலாசம். இப்ப போயி இன்னா காட்னாலும், ரோடு வருதுன்னு தெரிஞ்சி புதுசா வந்து குந்திகினீங்கன்றாங்க. அன்னிக்கு எடுத்த படம்தான் சாட்சியாம். உன் படம் பாய். அதுல ஒரு சொம்புகூட இல்ல." அவன் மேஜையில் கையை ஊன்றினான். "நீ சொன்னேன்னுதான கதவ சாத்தினோம்?"

திங்கட்கிழமை கடைசி விசாரணை. அன்றோடு முடிந்தால், மழைக்கு முன் பதினொரு குடும்பமும் தெருவில்.

அவன் போனதும் தகட்டை எடுத்து வந்தார். மசி தண்ணீரில் கரையும். பஞ்சை நனைத்து, ஐந்தாம் வாசலில் மெல்லத் துடைத்தார். முதலில் முறத்தின் ஓரம் வந்தது. அப்புறம் முழங்கால், புடவை, கடைசியில் முகம். தகட்டில் வெளிச்சம் இருளாகவும் இருள் வெளிச்சமாகவும் மாறித் தெரிந்தாலும் அந்த முறைப்பு அப்படியே இருந்தது. நாலு லுங்கிகளையும் துடைத்தெடுத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது, அந்த வளைவுகளின் நிழல் காலையில் எங்கே விழும், காற்று எந்தப் பக்கம் வரும் என்பதெல்லாம் அவள் உட்கார்ந்த இடத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். துணி காய்கிற இடம்தான் வெயில் வருகிற இடம். சுவரை மட்டும் பார்த்து இத்தனை வருஷம் என்ன கிழித்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"இத்தக் கொண்டு போயிக் காட்டினா அந்த ஆபீஸ் வேலை போயிடுமே" என்றார் மனைவியிடம்.

"போவட்டும். அந்தப் பொம்பள முகத்த மறுபடி பூசி மறைக்கிறதுக்கு உங்க கை வருமா?"

வரவில்லை. திங்கட்கிழமை தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். வரதன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பழைய பிரிண்டோடு வைத்து நெடுநேரம் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். காகிதத்தில் இருப்பதை நம்புகிறவர், அவ்வளவுதான்.

"இந்த அம்மா அன்னிக்கே அங்க இருந்தாங்களா?"

"இருந்தாங்க சார். நான்தான் மசி பூசி மறைச்சேன். மத்தவங்களை நான்தான் உள்ள போகச் சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

எழுதிக் கொடுத்தார். வியாசர்பாடியில் பதினொரு வீடு கிடைத்தது. லட்சுமணன் அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆனால் வரதன் அவரை மட்டும் இருக்கச் சொன்னார்.

"அமீருதீன், இதுக்கு முன்னால நீங்க கொடுத்த படங்கள்?"

அமீருதீன் தரையைப் பார்த்தார். "எல்லாத்துலயும் டச்சிங் உண்டு சார்."

வரதன் பழைய பிரிண்டைக் கோப்பில் வைத்துக் கட்டினார். அந்த ஆபீசிலிருந்து அப்புறம் அழைப்பு வரவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அறுபத்துநாலு தகடுகளையும் இறக்கி வைத்துத் துடைக்க உட்கார்ந்தார். ரஹீமுன்னிசா பஞ்சு நனைத்துக் கொடுத்தாள். அல்லா, எத்தனை பேர்! திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையில் நாற்பத்தொன்பதில் எடுத்த ஒரு வரிசையில் மட்டும் ஏழு பேர். தண்டவாளத்தை ஒட்டிய அந்த வரிசையும் இடித்துத் தரைமட்டமாகி, மேலே ரோடும் வந்துவிட்டது. அந்தக் கோப்பை மூடி நாலு வருஷம், இனித் திறக்க வழியில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஏழு பேரையும் தனித்தனியாகப் பிரிண்ட் போட்டுப் பையில் எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் முழுக்க அலைந்தார். ஏழு பேரில் ஒருத்தி யாரென்று தெரிந்தது. ரயில் பாதையோரம் ஓலைத்தட்டி மறைப்பில் குடியிருந்த தவசிமுத்து படத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். எண்ணூர் உப்பளத்தில் வேலை செய்து கண் மங்கியிருந்தது.

"எம் பொஞ்சாதி ஃப்ளோரா" என்றார். "குடத்த எடுக்கத் திரும்ப வந்தா. நீ சத்தம் போட்டே. அது நீதான பாய்?"

"நான்தான். அப்பால அவங்கள மசி பூசி அழிச்சதும் நான்தான். அதனாலதான் உங்களுக்கு வூடு கிடைக்கல."

கிழவர் படத்தை விரலால் தடவினார். அமீருதீன் அடிக்காகக் காத்திருக்கிறவர் போல நின்றார்.

"அந்த ஐப்பசி மழையில இதே தட்டிக்குள்ளதான் செத்தா" என்றார் தவசிமுத்து. "அவளுக்கு வேற படம் இல்ல."

படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தட்டியை விலக்கி உள்ளே போய்விட்டார். அதற்குள் போக அவரும் குனியவேண்டியிருந்தது. அமீருதீன் பையில் இன்னும் ஆறு பேருடைய படம் இருந்தது. அடுத்த தட்டிக்குப் போய்க் கூப்பிட்டார்.