நிலம் தொட்ட அடுப்பு

எந்த ரப்பர் தோட்டத்திலும் நான் நிலைத்ததில்லை. பாதிப் படிப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பால்வெட்டு, ரோடு வேலை, தச்சு வேலை என்று வயிறு இழுத்த பக்கம் போனேன். கோலா சிலாங்கூர் ஆற்றோரம் வீடு கட்டப் போனதும் அப்படித்தான்.

வீடு ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாருடையது. யாழ்ப்பாணத்துக்காரர். மனைவிக்கு மூச்சிழுப்பு நோய்; ரப்பர் காட்டு ஈரம் ஆகாது, கடற்காற்று வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லீவுக்கு லீவு அங்கே வந்து தங்குவதாக ஏற்பாடு. மழைக்காலத்தில் ஆறு கரையேறும் இடம் அது. தண்ணீரில் உளுக்காத நிபோங் மரத்தில் ஆளுயரக் கால்கள் நட்டு, மேலே பலகைகளை இடைவெளி விட்டு அடித்தோம். தண்ணீர் எழும்பினாலும் தரையைத் தூக்காமல் உள்ளே வந்து போய்விடும்.

"வெள்ளத்துக்கும் ஒரு வாசல் வைக்கிறம், தம்பி" என்பார் கிராணியார்.

வீடு பார்க்க வந்த அவர் மனைவி, நாங்கள் அம்மா என்று கூப்பிடுகிறவர், மூச்சு வாங்கப் படியேறினார். பலகைமேல் தகரம் விரித்து வைத்திருந்த அடுப்பைக் கண்டதும் முகம் சுருங்கியது.

"இதென்ன, பரணில அடுப்பு? நிலம் தொடாத அடுப்பில நான் உலை வைக்க மாட்டன்."

"இஞ்சாரும், கீழ வச்சா வெள்ளம் கொண்டுபோயிடும்."

"அப்ப நான் தோட்டத்திலயே கிடந்து இழுக்கிறன். நீங்கள் வந்து காத்து வாங்குங்கோ."

அவர் பிறந்த வீட்டு வழக்கம் அது. கிராணியார் இரண்டு நாள் யோசித்து வழி கண்டார். நிலத்திலிருந்து மண்தூண் எழுப்பி, அது மேலே வரப் பலகையை அறுத்து ஓட்டை விட்டு, தூணின் தலையில் அடுப்பு. களிமண்ணை நான் குழைத்தேன். தூண் நிலத்தில் நிற்பதைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அம்மா பால் காய்ச்சினார். வந்து தங்கத் தங்க இழுப்பு குறைந்தது.

பிறகு மழைக்காலத்தில் ஆறு ஏறியது; சில்லறை வேலைக்காக நானும் அங்கே இருந்தேன். கால்கள் அசையவில்லை. பலகை இடுக்கில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. தூண் மட்டும் வெல்லக்கட்டியாகக் கரைந்தது. எங்கள் கண்முன்னே அடுப்பு சாய்ந்து, பானையோடு ஓட்டைக்குள் போய்விட்டது. இனி இவள் இங்கே தங்கமாட்டாள் என்று கிராணியார் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

அம்மா ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். "நல்லா நிலத்தைத்தான் தொட்டிருக்கு" என்றார்.

வெள்ளம் வடிந்ததும், கரைந்த மண்ணை மண்ணெண்ணெய் டின்னில் அள்ளி வரச் சொன்னார். டின்னைப் பலகைமேல் வைத்து, மண்மேல் மூன்று கல் அடுக்கினார்.

"நிலம் தொடவேணுமெண்டீரே?" என்றார் கிராணியார்.

"நிலம்தான் மேல வந்திட்டுதே. விறகை எடுங்கோ."

விறகெல்லாம் ஈரம். கிராணியார் ஊதுகுழலுக்குக் கை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. தானே குனிந்து, தீப்பிடிக்கும்வரை ஊதினார். இழுப்பு வரவில்லை.