மெயின் சுவிட்ச்

அந்த நர்ஸுக்குத் தெருவில் கேள்விக்காரம்மா என்றே பெயர். வீடு வீடாகப் போய் மறதி நோய்க்காரர்களைப் பார்ப்பது வேலை. இன்று என்ன கிழமை, பேரன் பெயர் என்ன என்று கேட்பாள், மதிப்பெண் போடுவாள், நடையைக் கட்டுவாள். பதினெட்டு வருட அனுபவம். தன் கண்ணில் மண்ணைத் தூவ ஆளில்லை என்ற மிதப்பும் கொஞ்சம் உண்டு.

அவள் பார்த்துவந்தவர்களில் ஒரு பழைய எலெக்ட்ரீஷியன் இரண்டு வருடமாக நல்ல மதிப்பெண் வாங்கிவந்தார். அதனால் அந்த வீட்டுக்கு எந்த உதவியும் வேண்டுமென்று அவள் எழுதவில்லை.

அன்று காலை வாசலிலேயே அவர் மனைவியின் அலறல் கேட்டது. ஓடினாள். சுவிட்ச் போர்டின் மூடி கழன்று தொங்கியது. அவர் ஸ்க்ரூடிரைவரோடு ஸ்டூல் மேல் நின்றார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மெயின் சுவிட்சோ அவருக்குப் பின்னால், அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். கையைப் பிடிக்கப் போன மனைவி மேல் ஸ்க்ரூடிரைவரை ஓங்கினார்.

"யாரு நீ? என் வேலையில கை வைக்காத."

நர்ஸ் மனைவியை ஜாடையால் விலகச் சொல்லிவிட்டு, அவர் கண்ணில் படும்படி மெல்ல முன்னால் போய் நின்றாள். இறங்கச் சொன்னால் பிடிவாதம் ஏறும், வம்புக்காகவே வயரைத் தொடுவார்.

"ஐயா, மெயினை அணைச்சாச்சா?" என்றாள், கூட வேலை செய்கிறவள் மாதிரி.

கை நின்றது. "அதைப் பண்ணாம எவன்மா போர்டைத் தொடுவான்?" என்று எரிந்து விழுந்தவர், நிமிர்ந்து விசிறியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முணுமுணுத்தபடி இறங்கிப் போய், அவரே மெயினை அணைத்தார்.

மனைவி உண்மையைக் கக்கினாள். நர்ஸ் வரும் நாளெல்லாம் விடியலிலேயே பதில்களை அவருக்கு உருப்போட வைத்திருக்கிறாள். "மார்க் குறைஞ்சா இவரை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவாங்கன்னு பயம், சிஸ்டர்."

நர்ஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, தன் மேலேயே. இரண்டு வருடமாக அவரைத்தான் கேட்டாள். இந்த அம்மாளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உள்ளதை உள்ளபடி எழுதப் பேனாவை எடுத்தாள். மனைவி அந்தக் கையை இறுகப் பிடித்தாள். எழுதினால்தான் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்ப முடியும், அவர் இந்த வீட்டிலேயே இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். பிடி தளர்ந்தது.

"ராப்பகலா இவரைக் காவல் காக்கிறேன். ஆள் வந்தா நான் என்ன செய்யணும்?"

"தூங்குங்கம்மா. இப்பவே வேணாலும் தூங்குங்க, நான் இருக்கேன்."

அந்த அம்மாள் கட்டிலில் இருந்த கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சாய்ந்தாள். நர்ஸ் எழுதி முடிப்பதற்குள் குறட்டையே வந்துவிட்டது. கணவரின் சட்டை நுனியை மட்டும் அவள் கை விடவில்லை.